விதை முற்ற ஐந்து வாரம்

எங்கள் தாவர ஆய்வு நிலையத்தில் கத்துவதற்குப் பேர்போனவன் நான்தான். கண்ணாடிக் கூடத்தின் கதவைத் திறந்து வைத்துவிட்டால், யாராக இருந்தாலும் ஒரு பிடி பிடித்துவிடுவேன்.

எல்லாம் இரண்டு செடிகளுக்காக. சூரியகாந்திக் குடும்பத்துக் காட்டுச் செடி. ஒரே ஒரு பாலைவன மலையில்தான் வளர்ந்தது. போன கோடையில் அந்த மலை எரிந்துபோனது. உலகத்தில் மிஞ்சியவை ஒஸ்லோவில் என் பொறுப்பில் இருந்த இந்த இரண்டும்தான். ஆயுளில் ஒரே தடவை பூக்கும், பிறகு பட்டுப்போகும்.

மூன்று வருடம் காத்திருந்தபின் இந்த மாசியில் ஆறு மஞ்சள் பூக்கள். தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் தடவினேன். விதை முற்ற ஐந்து வாரமாகும். இரண்டாம் வாரம் என் மனைவி வசந்தகுமாரிக்கு இருதய அறுவை சிகிச்சை வந்தது.

கூடத்தைத் துப்புரவு செய்து தண்ணீர் விடுபவர் நிசாந்தினி. மட்டக்களப்புக்காரர், ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் குடியிருக்கிறார். என் கத்தலுக்குச் சிரிக்கும் ஒரே ஆள். "பூ வேலை முடிஞ்சுதுங்க, தண்ணி மட்டும் பாத்துக்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கத்தத் தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்தால் இரண்டு செடிகளும் மொட்டையாக நின்றன.

"யாருங்க பறிச்சது?"

"நான்தான் சிவராமன் அண்ணை." நிசாந்தினி கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "பூ வேலை முடிஞ்சுதெண்டு சொன்னனீங்கள்தானே. சும்மா வாடிப் போகாமல் அம்மனுக்கு வைச்சு, அக்காவின்ர பேரில அர்ச்சனை செய்வித்தனான். கடைப்பூவைவிட கையால நுள்ளின பூவெண்டால் அம்மாளுக்கு விருப்பம். அக்கா இப்ப எப்பிடி?"

"எழுந்து நடக்கறாங்க."

"பாத்தீங்களே!" அவருக்குக் கண் கலங்கியது.

பொட்டலத்தில் திருநீறும் குங்குமமும் ஒரு பூவும் இருந்தன. பூவின் அடியை நகத்தால் கீறினேன். உள்ளே விதை வெறும் பிஞ்சு. முளைக்காது.

வசவு வாய்வரை வந்தது. ஆனால் இந்த ஊரில் எங்களுக்காக வேறு யாரும் கோயில் படி ஏறியதில்லை. விழுங்கிக்கொண்டேன்.

"அடுத்த வருசமும் பூக்கும்தானே அண்ணை? அப்ப அக்காவையும் கூட்டிக்கொண்டு போவம்."

செடிகளின் அடியிலைகள் ஏற்கெனவே பழுத்துவிட்டிருந்தன.

"பூக்கும்மா" என்றேன்.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.