ரொட்டி தெரிந்த கண்ணாடி

என் மனைவி நிஃமத் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். அதிலும் என் தங்கை சப்ரீன் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. பெருநாளைக்கு அவள் அனுப்பிய பிஸ்கட் உடைந்திருந்ததை இன்றுவரை மறக்கவில்லை.

பள்ளி ஆசிரியையான சப்ரீன், முழுச் சூரிய கிரகணம் பார்க்க எங்கள் மகள் ரொதைனாவுக்கு ஓர் அட்டைக் கண்ணாடி கொடுத்தனுப்பினாள். நிஃமத் அதை முற்றத்தில் போட்டுப் பார்த்தாள். ஒரே இருட்டு. சுவர் தெரியவில்லை, எரிகிற விளக்குகூடத் தெரியவில்லை.

"உங்க தங்கச்சி குப்பையத் தள்ளிவிட்டிருக்கா. நல்லதத் தன் பொண்ணுக்கு எடுத்து வச்சிருப்பா, பாருங்க."

அன்று மாலையே ரொட்டி கொடுக்கிற சாக்கில் சப்ரீன் வீட்டுக்குப் போனாள். அங்கே ஆணியில் அதே மாதிரி இன்னொரு கண்ணாடி தொங்கியது. போட்டால் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததாம். சத்தமில்லாமல் மாற்றி எடுத்து வந்துவிட்டாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எதுவுமே தெரியாத கண்ணாடியில் எதைப் பார்ப்பது?

கிரகணத்தன்று எகிப்தில் எங்கள் லக்ஸர் நகரம் முழுக்க மொட்டைமாடிகளில் ஜனம். நிஃமத் வழக்கம்போல் வெயில் ரொட்டிக்கு மாவைத் தட்டி, பொங்குவதற்காக மண் தட்டுகளில் வெயிலில் வைத்திருந்தாள். சூரியன் போனால் மாவு என்னாகும் என்று அதற்கும் ஒரு புலம்பல். சப்ரீன் தனியாக வந்தாள். மகள் தஸ்னீமைக் காணோம். நல்ல கண்ணாடி கைவிட்டுப் போன கோபம், பார்த்தீர்களா என்பதுபோல் நிஃமத் எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

சூரியனின் ஓரம் கடிபடத் தொடங்கியது. ரொதைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அத்தை, இதுல ரொட்டியெல்லாம் அழகா தெரியுது."

குழந்தை தலையை நிமிர்த்துமுன் சப்ரீன் பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"ரொட்டி தெரிஞ்சா இது போலி, அண்ணி. சூரியனைத் தவிர எதுவும் தெரியக் கூடாது. பார்த்திருந்தா கண்ணே போயிருக்கும். கடைத்தெருவுல வாங்கி ஏமாந்தது, தூக்கிப் போடணும்னு மாட்டி வச்சிருந்தேன். நல்லது ஒண்ணுதான் கிடைச்சுது. அத உங்க பொண்ணுக்குக் குடுத்துட்டு, என் பொண்ண உள்ள உட்கார வச்சிட்டு வரேன்."

நிஃமத்தின் முகம் செத்துப்போனது. படியிறங்கிச் சப்ரீன் வீட்டுக்கு ஓடியவள், ஒரு கையில் அந்த இருட்டுக் கண்ணாடியும் மறுகையில் தஸ்னீமுமாக மூச்சிரைக்கத் திரும்பினாள். பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

கடைசிக் கீற்றும் மறைந்து ஊர் இருண்டது. நிஃமத் மகளின் கண்களை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"முழுசா மறைஞ்சிருச்சு. இப்ப வெறுங்கண்ணால பார்க்கலாம், அண்ணி," என்றாள் சப்ரீன். "கைய எடுங்க. வெளிச்சம் திரும்புறப்ப நான் சொல்றேன்."

நிஃமத் என் பக்கம் திரும்பவில்லை. நிஜமாகவா என்று கேட்கவில்லை. கையை எடுத்தாள்.