பக்கோடாவுக்கு எடுத்த மழைக்குப்பி

மழை வந்தால் யோகராஜுக்கு வெங்காயப் பக்கோடா வேண்டும். எண்ணெயைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று இருதய டாக்டர் சொல்லி அனுப்பியும் மனுசனுக்குப் புத்தி வரவில்லை. மூன்று நாளாக வாயைத் திறந்தால் பக்கோடாதான். விஜயகலாவும் எத்தனை நாள் புருசனின் தொங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்?

குவைத்திலிருந்து தங்கை அனுப்பிய ஓவன் துணி போர்த்திக் கிடந்தது. பொரிக்காமல் அதிலேயே மொறுமொறுப்பாக எடுக்கலாம் என்று போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நாலு பங்கு கடலை மாவு, ஒரு பங்கு அரிசி மாவு. அளவு தப்பினால் சவசவத்துப் போகுமாம்.

அளவுக் கோடு போட்ட பாத்திரத்துக்கு விஜயகலா எங்கே போவாள்? பின்முற்றத்துக் கம்பத்தில் மழை அளக்கும் பிளாஸ்டிக் குப்பி இருந்தது. மண்சரிவு ஆபீஸ் அதிகாரி மாத்தயா கொடுத்தது. தண்ணீர் பச்சை, மஞ்சள் தாண்டிச் சிவப்புக் கோட்டைத் தொட்டால், தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த பத்து வீடும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. மதியம் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பத்தே நிமிசம்தானே என்று, பச்சைக் கோடு வரை நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குப்பியைக் கொண்டுவந்து கழுவித் துடைத்தாள்.

வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, மாவும் மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்த்தாள். தட்டில் கிள்ளி வைத்து, மேலே ஒரே கரண்டி எண்ணெய் தடவினாள். முதல் தட்டு கருகியது, இரண்டாவது வேகவில்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டத் தொடங்கியபோது அவள் ஓவன் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். குப்பி நினைப்பே வரவில்லை, பாவிக்கு.

மூன்றாவது தட்டு பொன்னிறமாக வந்தது. "பரவாயில்லையே, பொரிச்ச மாதிரியே இருக்கு!" என்றான் யோகராஜ். அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தங்கம்மா இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றாள். "விஜயா, ஒரு மணி நேரமா ஊத்துதே. எவ்வளவு காட்டுது? கெளம்பணுமா?"

விஜயகலா உள்ளே திரும்பிப் பார்த்தாள். குப்பி அலமாரியில் மாவு ஒட்டிக் கிடந்தது. போன மாதம் இரண்டு தடவை அவள் பேச்சைக் கேட்டு மூட்டை முடிச்சோடு போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்றும் கேலி ஓயவில்லை. பக்கோடாவுக்காகக் கழற்றினேன் என்றால் லயத்தில் தலைகாட்ட முடியுமா?

"மஞ்சள்தான் அக்கா. கெளம்ப வேணாம்."

"மஞ்சள்தானாம்!" என்று தங்கம்மா லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

குப்பியைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று விஜயகலா பின்பக்கம் ஓடினாள். மதியம் ஒரு விரலால் தள்ளித் திறந்த கதவு இப்போது அசையவில்லை. தோளால் முட்டினாள். நிலைச்சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவைக் கவ்வியிருந்தது. கதவு இறுகினால் மண் நகருகிறது, குப்பியைப் பார்க்காமல் ஓடுங்கள் என்று மாத்தயா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

யோகராஜை இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கித் தங்கம்மா கதவை இடித்தாள். "அக்கா, ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

தங்கம்மா சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இப்பதானே மஞ்சள்னு சொன்ன? மறுபடியும் அலைய விடாத, போ." கதவு மூடிக்கொண்டது.

மேலே மலைச்சரிவில் ரப்பர் மரங்கள் படபடவென்று முறிந்தன.

"நான் பொய் சொன்னேன் அக்கா! குப்பி கம்பத்துலயே இல்ல!" என்று மூடிய கதவைப் பார்த்து அலறினாள் விஜயகலா. தகரத்தில் அடித்த மழையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.