ஐந்து வருஷத்து எரிநட்சத்திரம்

விதை போட்டு, ஐந்து வருஷம் காத்திருந்து பூத்தவை வெர்னாவின் எரிநட்சத்திரப் பூக்கள். இதழ்களைப் பின்னால் மடக்கிக்கொண்டு, மூக்கு நீட்டித் தொங்கும் பூ. மே மாதம் காட்டுப்பூ சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகத் தோட்டம் பார்க்கக் கிளம்பினால் விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரே கூட வரும். இந்த வருஷம் அவர்கள் பார்க்கும் முதல் வீடு அவளுடையது.

காட்டுச்செடியைத் தோண்டி வந்து நடுவது சங்கத்தில் மகா பாவம். பழைய கல்லறைத் தோட்டத்தில் தானாக வளரும் இதே பூச்செடி இரண்டே இரண்டைத் தோண்டிய கெர்டாவைப் போன வருஷம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு பேர் முன்னால் கேட்டுச் சங்கத்தை விட்டே விரட்டியது வெர்னாதான்.

காலையில் களை பிடுங்கும்போது அந்தப் பூச்செடியின் வேரோரம் விரலில் ஏதோ தட்டியது. வெளுத்துப்போன பிளாஸ்டிக் ரோஜா இதழ். அந்தக் கண்றாவியைக் கல்லறைகளில்தான் செருகி வைப்பார்கள். வெர்னா அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே கணவன் எமில் பான்கேக் தின்றுகொண்டிருந்தான். இதழை அவன் தட்டில் போட்டாள். அவன் மென்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். முதல் வருஷம் ஜூலையில் அவளுடைய நாற்றுத்தட்டு வெறும் மண்ணாகக் கிடந்ததாம். எல்லாம் செத்துவிட்டதென்று குப்பைக்குழியில் கொட்டிவிட்டானாம். அடுத்த ஏப்ரலில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் சின்னச் செடிகளாகப் பார்த்துத் தோண்டி வந்து, அவள் தட்டில் முளைத்த நாற்றுதான் என்று சொல்லிப் பாத்தியில் நட்டானாம்.

"அது சாகலை, மனுஷா. கோடையில மண்ணுக்குள்ள தூங்கும். உயிரோட இருந்ததைக் கொட்டியிருக்கே."

"நீ அழுவியேன்னுதான் செஞ்சேன்."

"பேசாதே. வாயெல்லாம் சிரப் வழியுது, பார்க்கவே குமட்டுது."

வெளியே கார்கள் வந்து நின்றன. எல்லார் முன்னாலும் உடைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் படியிறங்கினாள். ஆளாளுக்குக் கைகுலுக்கிப் புகழ்ந்தார்கள். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், வேலிக்கு வெளியே ஒதுங்கி நின்ற கெர்டா மெல்ல வந்து பாத்தியருகே மண்டியிட்டாள்.

"அஞ்சு வருஷம் பொறுத்திருக்கியே, வெர்னா. நீ என்னை விரட்டினது சரிதான். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமப் போச்சு."

கெர்டாவின் கண் கலங்கியிருந்தது. ஊரே வெர்னாவின் வாயைப் பார்த்தது.

"பழகினா வந்துடும், கெர்டா. நான் விதை தர்றேன்."

சீ, இதுவும் ஒரு வாயா என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சன்னலில் நின்ற எமில் வாயைத் துடைத்துக்கொண்டு, நன்றியோடு அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.