தூரம் மட்டும்

அன்று பிற்பகல் மண்டபத்தூர் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்தவர்கள்:

தலைவர் அருள்மணி. இடுப்பில் சாவிக்கொத்து.

காத்தமுத்து, பஞ்சாயத்தாரில் மூத்தவர். காது மந்தம். தனக்கு வேண்டியது மட்டும் கேட்கும்.

கருப்பையன், வலை அறுபட்டவர்.

முத்துக்குமரன், அறுத்ததாகச் சொல்லப்பட்டவன். கருப்பையனுக்கு அண்ணன் மகன்.

கனகம், முத்துக்குமரனின் அம்மா. மீன் விற்பவர். பஞ்சாயத்தில் பெண்கள் உள்ளே உட்காரும் வழக்கம் இல்லை என்பதால் வாசற்படியில் நின்றார்.

வினிதா, கருப்பையனின் மகள். காரைக்காலில் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் வாசற்படியில்தான், கனகத்துக்கு எதிர்ப்பக்கம்.

ஊர்க்காரர்கள் நாற்பது பேருக்குக் குறையாது.

நான், ரஞ்சித்குமார். ஊர் அம்பகரத்தூர், வீட்டில் நெல் விவசாயம். சென்னையில் படிப்பையும் பாதியில் விட்டு, இரவு வேலையையும் விட்டுத் திரும்பியவன். பஞ்சாயத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறேன்.

நடவடிக்கைக் குறிப்பில் இந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தது நான்தான். அதோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முந்தின இரவு கருப்பையன் தெற்கே, திருமலைராயன்பட்டினத்துக்கு நேர் கிழக்கே, வலை விட்டிருந்தார். விடியுமுன் ஒரு படகு அதன்மேல் ஏறிப் போனது. இஞ்சினின் அடியில் சுழலும் காத்தாடியில் சிக்கி வலை பாதிக்குமேல் நாராகிவிட்டது. ஓடிய படகில் நீல விளக்கைப் பார்த்தேன் என்றார். மண்டபத்தூரில் நீல விளக்கு கட்டும் ஃபைபர் படகு முத்துக்குமரனுடையது ஒன்றுதான்.

"நான் அங்க வரவே இல்ல சித்தப்பா" என்றான் முத்துக்குமரன்.

"பின்ன எங்க இருந்த?"

முத்துக்குமரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கூட யாரு வந்தது?" என்று அருள்மணி கேட்டார்.

"மச்சான்."

"மச்சான் வானத்துல போனோம்னும் சொல்லுவான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள்.

வலை அறுத்தவனின் இஞ்சினைக் கழற்றிப் பின்னறையில் வைத்துப் பூட்டுவது ஊர் வழக்கம். முத்துக்குமரனுடையதைக் காலையிலேயே கழற்றி வைத்துவிட்டார்கள். தீர்ப்பு அவனுக்கு எதிராக வந்தால் இந்தப் பருவம் முடியும்வரை அது அங்கேயே கிடக்கும். இஞ்சின் இல்லாமல் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"எங்க இருந்தேன்னு சொல்லு, முடிஞ்சு போச்சு" என்றார் அருள்மணி. "ஏன்டா வாய் தொறக்க மாட்டேங்கிற?"

அப்போதுதான் நான் பேசினேன்.

"அவரு போன்லயே தடம் இருக்குமே தலைவரே. ராத்திரி பூரா எங்க போனாருன்னு அதுல பதிவாயிருக்கும்."

முத்துக்குமரன் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

"தம்பி, உன்னை யாரு கேட்டா?" என்றார் கனகம் வாசலிலிருந்து.

படகு போகும் வழியைப் போனில் பதியும் அந்த நிரலை ஊருக்குள் கொண்டுவந்தது நான்தான். அதற்கு முன்பு எல்லோரும் ஒரு கம்பெனியின் ஆப்பை வைத்திருந்தார்கள். மீன் கிடைத்த இடத்தையெல்லாம் பாயிண்ட் போட்டு அதில் சேர்த்து வைத்திருந்தார்கள். கம்பெனி ஒருநாள் கடையை மூடியது. மறுநாள் போனைத் திறந்தவர்களுக்கு வெள்ளைத் திரைதான். பிறகு நான் வீடு வீடாகப் போய்க் கட்டற்ற மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். அதன் தமிழில் 'வழிப்புள்ளி' என்று இருந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. மூலநிரல் திறந்திருந்ததால் 'பாயிண்ட்' என்று நானே மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கட்டடத்தில் புரொஜெக்டரில் சுவரில் படம் போட்டு வகுப்பு நடத்தினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத எதையும் நம்பாதீர்கள், உங்கள் தடம் உங்கள் கையிலேயே இருக்கும், யாரும் பிடுங்க முடியாது என்று சொன்னேன். ஊரே கூடிக் கேட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்திருக்கவில்லை.

"அப்ப போனைக் குடு" என்றார் கருப்பையன். "சுவத்துல படமா போடு. எல்லாரும் பாப்போம்."

"சித்தப்பா, வேணாம்."

"மடியில கனமில்லன்னா குடுக்க வேண்டியதுதானே?"

அருள்மணி சற்று நேரம் அவகாசம் கொடுத்தார். முத்துக்குமரன் என் கையைப் பிடித்துக் கட்டடத்தின் பின்பக்கம் இழுத்துப் போனான். பிடி வலித்தது.

"அங்க பாரு இருக்கு" என்றான். கடலடிப் பாறைத்திட்டை அவர்கள் பாரு என்பார்கள். மீன் அண்டும் இடம். "நானா தேடிக் கண்ட எடம். என் பொண்டாட்டிக்கே தெரியாது. மச்சானுக்குத் தெரியக் கூடாதுன்னு நாலு சுத்து சுத்தித்தான் போறேன். இப்ப சுவத்துல படம் போட்டா நாளைக்கு விடியறதுக்குள்ள ஊர்ப்படகு பூரா அங்க நிக்கும். அப்பறம் இஞ்சின் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதுல்ல? அப்ப ஏன் பேசுன? சரி, அந்தத் துண்ட மட்டும் வெட்டிக் குடு. முடியுமா முடியாதா?"

முடியும். தடம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. இடமும் நேரமும் வரிவரியாக இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து வரிகளை அழிக்கலாம். அதனாலேயே, அழித்தால் நடுவில் நேரம் தாவுவதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

"வெட்டினா வினிதா கண்டுபிடிச்சிடும்" என்றேன். "என் வகுப்புலயே அதுதான் ஒழுங்கா படிச்ச ஒரே ஆளு."

"நல்லா சொல்லிக் குடுத்திருக்க போ" என்று காறித் துப்பினான்.

உள்ளே போய் வேறொரு வழி சொன்னேன். வலை கிடந்த இடம் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்துக்கும் படகுக்கும் ஒவ்வொரு நேரத்திலும் எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். படம் வேண்டாம். கிட்டே வந்தானா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

கருப்பையன் சிரித்தார்.

"நெல்லுக்காரத் தம்பி, ஒண்ணு கேக்குறேன். கணக்கு உள்ளாற எப்படிப் போடுதுன்னு நான் பாத்தேனா? பாக்க முடியாதத நம்பாதேன்னு ஞாயித்துக்கிழமைதோறும் கத்துனது யாரு? நீதானே?"

கூட்டம் ரசித்தது. காத்தமுத்துகூடச் சிரித்தார். அவருக்கு அது கேட்டிருந்தது.



"நான் எழுதுறேன்" என்றாள் வினிதா.

வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். யாரோ "ஏம்மா, வெளில நில்லு" என்றார். அவள் நகரவில்லை.

"ரஞ்சித் அண்ணன் எழுத வேணாம். பத்து வரிக் கணக்கு, நானே எழுதுறேன். எங்கப்பா என்னை நம்பலாம்ல? கோப்பையும் ஒரு வரிகூட வெட்டாம முழுசா எனக்குக் குடுங்க."

"அடி, நீ பாத்தா உங்கப்பன் பாத்த மாதிரிதானே?" என்றார் கனகம்.

"நான் படத்தத் தொறக்க மாட்டேன் பெரியம்மா. தூரம் மட்டும் பாப்பேன்."

"நீ தொறக்கலன்னு யாரு கூடவே உக்காந்து பாக்கப் போறா?"

வினிதா கனகத்தை நேராகப் பார்த்தபடி நின்றாள்.

எல்லோரும் முத்துக்குமரனைப் பார்த்தார்கள். போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். கொடுக்காவிட்டால் இஞ்சின் போகும். கொடுத்து அவள் ஒரே ஒரு முறை படத்தைத் திறந்துவிட்டால் பாரு போகும்.

"குடுக்காதேடா" என்றார் கனகம்.

"வேற என்னம்மா பண்ணச் சொல்ற?"

போனை என்னிடம் நீட்டினான். பஞ்சாயத்து லேப்டாப்பின் இணைய இணைப்பை எல்லோர் முன்னிலையிலும் துண்டித்தேன். முத்துக்குமரன் தோளுக்குப் பின்னால் நிற்க, கோப்பைக் கேபிள் வழியாக ஏற்றினேன். அருள்மணி பின்னறையைத் திறந்தார். வினிதா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், முத்துக்குமரனின் இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அருள்மணி வெளியே வந்து பூட்டினார்.

கருப்பையன் பின்னறை ஜன்னல் பக்கம் நகர்ந்தார். காத்தமுத்து எழுந்துபோய் ஜன்னலை மறைத்து நின்றார்.

"நவுருங்க பெரியவரே."

"என்ன சொல்ற? கேக்கல" என்றார் காத்தமுத்து.

கருப்பையன் கதவருகே போய்க் கத்தினார். "வினிதா! கணக்குல தப்பு வந்துரும்மா! படத்தையும் ஒருதரம் பாத்துக்க! பெரிசு பண்ணிப் பாரு!"

உள்ளே கீபோர்டு தட்டும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. முத்துக்குமரன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்று உறைத்தது. படத்தைத் திறக்க ஒரு தட்டு போதும். அவள் நினைத்தால் போதும், எந்த நிரலும் தடுக்காது. தடுக்கிற மாதிரி நான் எதையும் வைத்திருக்கவில்லை. வைக்கக் கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கதவைத் தட்டினாள். அருள்மணி திறந்தார்.

"அண்ணன் படகு ராத்திரி முழுக்க எங்க வலைக்கு மூணு மைலுக்குள்ள வரவே இல்ல" என்றாள். "தடத்துல எங்கயும் நேரம் தாவல. முழுசா இருக்கு."

"சரியா எவ்ளோ தூரம்?" என்றார் கருப்பையன்.

"சொல்ல மாட்டேன். வட்டம் போட்டுத் தேடுவீங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கருப்பையன் சிரிக்கவில்லை. தன் கணக்கை அவள் வரிவரியாகப் படித்து விளக்கினாள். புரிந்தவர்கள் குறைவு. ஆனால் கருப்பையனின் மகளே கருப்பையனுக்கு எதிராகச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. நீல விளக்கு வேறு ஊர்ப் படகாக இருக்கும், திருமலைராயன்பட்டினத்தில் விசாரிப்போம் என்று அருள்மணி முடித்தார். இஞ்சினை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். அவள் ஓட்டிய கட்டளைகள் எல்லாம் பதிவில் இருந்தன. தூரமும் நேரத் தாவலும் பார்க்கக் கணக்கை எழுதியிருக்கிறாள், இரண்டு முறை ஓட்டியிருக்கிறாள். படத்தையோ கோப்பையோ திறந்து பார்க்கவே இல்லை. திரையைக் கருப்பையனிடம் காட்டினேன்.

"பாருங்க. நிஜமாவே வினிதா பாக்கல. அதுக்கு இடம் தெரியாது."

"இந்தப் பதிவையும் அழிச்சுட்டு வேற மாதிரி எழுதலாம்ல?"

"எழுதலாம்" என்றேன். அது உண்மை.

"அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

முத்துக்குமரன் பார்க்கக் கோப்பை அழித்தேன். வாசலில் நாலைந்து பேர் நின்று தங்கள் போன்களிலிருந்தும் நிரலை நீக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இஞ்சினை நானும் முத்துக்குமரனும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தோம். கனகம் முன்னால் போனார். வினிதா எங்களுக்குப் பின்னால் வந்தாள்.

"நெசமாவே பாக்கலையா?" என்று திரும்பாமலே கேட்டான் முத்துக்குமரன்.

"பாக்கலண்ணே. பாத்திருந்தா அப்பா கேக்கும்போது வாயில வந்துரும்."

கருப்பையனின் வீடு வழியில்தான் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் கடல் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் ஈயக்குண்டு வைத்து, பக்கத்தில் பென்சிலோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா" என்றார். கோபமே இல்லாத குரல். "வந்து உக்காரு. வடக்கயா வடகிழக்கயா, அது மட்டும் சொன்னாப் போதும்."

"எனக்குத் தெரியாதுப்பா."

"தெரியும்."

நாங்கள் இஞ்சினைக் கீழே வைத்தோம். முத்துக்குமரன் வாயைத் திறந்தான். என்ன சொல்ல முடியும்? அவளுக்குத் தெரியாது என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான், சொல்லியாகிவிட்டது.

வினிதா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். உள்ளே போனாள். கருப்பையன் எழுந்து வந்து எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சாவி இரண்டு முறை திரும்பியது.