இரண்டு விரல் மார்ஜின்

ஆசிரியர் வரவில்லை என்றால் கல்லூரியில் எல்லோருக்கும் கொண்டாட்டம். தேவிப்பிரியாவுக்கு மட்டும்தான் வேலை.

பாப்பாரப்பட்டி போகும் சாலையில் இருந்த அந்தச் சின்ன அரசுக் கல்லூரியில் அவள் நூலக உதவியாளர். அதுவும் தற்காலிகம். மார்ச் மாதக் கடைசியில் முதல்வர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடம் வேலை உண்டு, போடாவிட்டால் இல்லை. அவள் கணவன் கதிரவன் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றும் வேன் ஓட்டினான். தக்காளி விலை விழுந்தால் வேனும் படுத்துவிடும். அந்த மாதங்களில் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பை நூலகத்துக்கு அனுப்பிவிடுவது முதல்வர் ஆரோக்கியராஜின் ஏற்பாடு. "சத்தம் போடாம பாத்துக்கம்மா, அது போதும்" என்று ஒரு நாள் வராந்தாவில் போகிற போக்கில் சொன்னதோடு சரி, எழுத்தில் எதுவும் கிடையாது. எந்த உத்தரவையும் எழுத்தில் கொடுக்காமலே இருபத்தெட்டு வருடம் ஓட்டிய மனிதர் அவர்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு வரவில்லை. முதல் நாள் வந்த நாற்பத்து மூன்று பேரும் தலையைக் குனிந்து போனை மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டதும் சுருக்கென்று கோபம் வந்தது. கைப்பையில் கிடந்த வங்கிச் செலானை எடுத்து ஆளுக்கொரு நகல் கொடுத்து, நிரப்பச் சொன்னாள். தப்பில்லாமல் நிரப்பியவர்கள் ஒன்பது பேர். பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளைகள்! அன்றைக்கே ஒரு அட்டையில் 'பட்டறை' என்று எழுதி நூலகக் கதவில் ஒட்டிவிட்டாள். "லேத் பட்டறைங்களா மேடம்?" என்று முருகேஷ் கிண்டலடித்தான். "ஆமா, உன்னைத்தான் மொதல்ல கடையணும், உக்காரு" என்றாள்.

பட்டாவில் எந்த எண்ணை எங்கே பார்ப்பது, விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது, ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தால் முதல் வாக்கியம் என்ன பேசுவது என்று ஆசிரியர் இல்லாத ஒவ்வொரு வெற்று வேளைக்கும் ஒரு பட்டறை நடந்தது. 'லைப்ரரி பொண்ணு டியூஷன் சென்டர் வெச்சிருக்குது' என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் வருட பி.காமுக்குத்தான் பட்டறை அதிகம். அவர்களுடைய கணக்குப்பதிவியல் ஆசிரியர் ஜூலையில் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. வாரத்தில் நான்கு ஐந்து வேளை அவர்கள் நூலகத்தில்தான் கிடந்தார்கள். அந்த வகுப்பில் பூவிழி என்றொரு பெண் இருந்தாள். வத்தல்மலைக்காரி, தர்மபுரி விடுதியில் தங்கிப் படிப்பவள். நாலு வார்த்தை பேச நாற்பது முறை யோசிப்பாள். ஆனால் எழுதச் சொன்னால் கை நிற்காது.

நவம்பர் தொடக்கத்தில் மனு எழுதும் பட்டறை நடந்தது. இந்த விஷயத்தில் தேவிப்பிரியா கில்லாடி. பாலக்கோட்டில் அவள் பிறந்த தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்ததே அவள் பத்தாம் வகுப்பில் எழுதிய மனுவால்தான். அதை அவளுடைய அப்பா இன்றைக்கும் மார்க்கெட்டில் ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"இடது பக்கம் ரெண்டு விரல் மார்ஜின் விடுங்க. ஃபைல்ல ஓட்டை போட்டுக் கோத்தா உங்க எழுத்து மறையக் கூடாது. யாரையும் திட்டாதீங்க. எதுவா இருந்தாலும் தேதியோட சொல்லுங்க. என்ன வேணும்னு ஒரே வரியில கேளுங்க. குடுத்துட்டு ரசீது இல்லாம திரும்புனீங்கன்னா நீங்க குடுத்தது மனுவே இல்ல. ரசீதுல தேதி இருக்குதான்னு பாத்துட்டுத்தான் அந்த எடத்தை வுட்டு நகரணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மேடம்."

"பொய்யா ஒண்ணு ஜோடிச்சு எழுதக் கூடாது. நெசமா உங்களுக்கு இருக்கிற ஒரு குறையை எழுதுங்க."

பூவிழி கையைத் தூக்கினாள். "எல்லாரும் சேந்து ஒண்ணா எழுதலாங்களா?"

"தாராளமா. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாச் சரி."

அத்தோடு மணி அடித்துவிட்டது. மிச்சத்தை அடுத்த வேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். பிள்ளைகள், கலெக்டர் மனு வாங்கும் திங்கட்கிழமையே பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அலுவலக உதவியாளர் பூபதி வேர்த்து விறுவிறுத்து நூலகத்துக்கு வந்தார். "மேடம், பிரின்சிபால் கூப்புடறாருங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்குது. மனுசன் மூஞ்சியே சரியில்ல."

முதல்வர் அறையில் பூவிழியும் முருகேஷும் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். மேசைமேல் ஒரு மனுவின் நகல். ஆரோக்கியராஜ் நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"மூணாம் வருசப் பசங்க கலெக்டர்கிட்ட மனு குடுத்திருக்காங்க, கணக்கு வாத்தியார் வேணும்னு. என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு என்னைக் கேக்கறாங்க. மனுவில உங்க பேரும் இருக்குது. நீங்க கிளாஸ் எடுத்தது நான் சொல்லித்தான், அதை நான் பாத்துக்கறேன். ஆனா இதை எழுதச் சொல்லிக் குடுத்தது யாரு? கேட்டா, போன்ல வீடியோ பாத்து எழுதினோம்னு சாதிக்கறாங்க."

"ஆமாங்க சார். வீடியோதானுங்க" என்றாள் பூவிழி. முருகேஷ் வேகமாகத் தலையாட்டினான்.

"பாத்தீங்களா? சரிம்மா, உங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அதோட முடிஞ்சுது. சம்பந்தம் இருக்குதுன்னு வெச்சுக்குங்க, காலேஜுக்கு எதிரா பசங்களைக் கிளப்பிவுட்ட ஆளுக்கு மார்ச்சுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நீங்களே சொல்லுங்க."

ஒரு வரிதான், பேனாகூட மேசையிலேயே இருந்தது. பிள்ளைகள் அவளுக்காகப் பொய் சொல்லி வழி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் நடந்து போனால் போதும்.

"அந்த மனுவை ஒரு தடவை பாக்கலாங்களா சார்?" என்றாள்.

வாங்கிப் படித்தாள். ஜூலை பதினான்கு முதல் நவம்பர் ஏழு வரை அறுபத்தோரு பாட வேளைகள் ஆசிரியர் இன்றிக் கழிந்ததாக எழுதியிருந்தது. கீழே வேளைவாரியாகத் தேதிகள் இருந்தன. யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அப்புறம் இப்படி வந்தது: 'இவற்றில் முப்பத்தெட்டு வேளைகளில் நூலக உதவியாளர் திருமதி தேவிப்பிரியா அவர்களிடம் வங்கிப் படிவம், பட்டா, விதைப் பொட்டலக் குறிப்பு முதலியவற்றைக் கற்றோம். இவை எங்களுக்கு வாழ்நாள் முழுதும் பயன்படும். ஆயினும் ஏப்ரல் தேர்வில் இவற்றை யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே கணக்குப்பதிவியலுக்கு ஓர் ஆசிரியரை நியமித்துத் தர வேண்டுகிறோம்.' அதற்குக் கீழே நாற்பத்து மூன்று கையெழுத்துகள். இந்த மார்ஜினில் ஃபைலுக்கு எத்தனை ஓட்டை போட்டாலும் ஒரு எழுத்துக்கும் சேதமில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும் என்கிற உயர்ந்த எண்ணமெல்லாம் அப்போது அவளுக்கு வரவில்லை. அப்படிச் சொன்னால் அது கதையளப்பு. வந்தது வெறும் பெருமை. அவளே எழுதியிருந்தால்கூட அந்தத் 'தேர்வில் யாரும் கேட்கப் போவதில்லை' என்கிற வரி அவளுக்கு வந்திருக்காது. தான் பெற்ற பிள்ளை பரிசு வாங்கி வந்திருக்கும்போது அதைப் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளை என்றால் எவளுக்குப் பொறுக்கும்? வீடியோவாம், வீடியோ!

"வீடியோக்காரன் ரெண்டு விரல் மார்ஜின் சொல்லமாட்டான் சார்." மனுவை மேசையில் வைத்து ஓரத்தில் இரண்டு விரலைப் பதித்துக் காட்டினாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "நான் சொல்லிக் குடுத்ததுங்க. கலெக்டருக்குக் குடுக்கச் சொல்லலை, ஆனா எழுதச் சொல்லிக் குடுத்தது நான்தான். நல்லா எழுதியிருக்காங்க சார். நீங்களும் ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்க."

ஆரோக்கியராஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். "இதையெல்லாம் விளக்கமா எழுதிக் குடுங்க" என்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "இந்த வாத்தியாருக்காக நானும்தான் பதினோரு லெட்டர் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல" என்று முணுமுணுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் பூவிழி அழுதுவிட்டாள். "நாங்கதான் மறைச்சோமில்லைங்க மேடம்? நீங்க ஏன் சொன்னீங்க?"

"இவ்வளவு அழகா எழுதிட்டு வீடியோன்னா சொல்லுவ? வாயில போடறேன் பாரு" என்று அவள் தலையில் லேசாகக் குட்டினாள் தேவிப்பிரியா. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் கதிரவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல? தக்காளி விக்கிற வெலையில உனக்கு இது தேவையா?" அவன் சொன்னதில் தப்பில்லை. "முடியலைங்க" என்றாள்.

டிசம்பரில் வேறொரு கல்லூரியிலிருந்து மலர்விழி என்கிற ஆசிரியை கணக்குப்பதிவியலுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத ஆள். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு என்று நடத்தி, விட்டுப்போன பாடத்தையெல்லாம் இழுத்துப் பிடித்துவிட்டார். பட்டறை அட்டை கதவில் இருந்தது, பட்டறைக்குத்தான் ஆளில்லை. பிள்ளைகள் கேட்டு வாங்கிய ஆசிரியர் என்று தேவிப்பிரியா சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டுக்கொண்டே நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். அவளுடைய நீட்டிப்புத் தாள் கையெழுத்தில்லாமல் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. பக்கத்திலேயே அவள் எழுதிக் கொடுத்த விளக்கம்.

"உக்காருங்கம்மா. உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா இப்ப வாத்தியார் வந்துட்டாங்க, வெத்து வேளையும் இல்ல. தப்பு எம்மேலதான்னு நீங்களே எழுதியும் குடுத்துட்டீங்க. இவங்களை எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு மேல கேட்டா, காட்டறதுக்கு எங்கிட்ட ஒரு தாளு வேணுமில்ல?"

"தப்புன்னு நான் எழுதலைங்க சார். சொல்லிக் குடுத்தேன்னுதான் எழுதினேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கதவை யாரோ தட்டினார்கள். பூவிழி. பின்னால் முருகேஷ், அவனுக்குப் பின்னால் வராந்தா நிறையத் தலைகள். பூவிழி உள்ளே வந்து ஒரு தாளை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"மனுவுங்க சார். உங்களுக்குத்தானுங்க."

ஆரோக்கியராஜ் வாய்விட்டே படித்தார். 'மூன்றாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் மே மாதத்தில் கல்லூரியை விட்டுச் சென்றுவிடுவோம். இந்த மனு எங்களுக்காக அன்று. நூலகப் பட்டறையில் கற்றதைக் கொண்டு இந்த ஆண்டில் எங்களில் பத்தொன்பது பேர் தங்கள் குடும்பத்துக்கும் ஊருக்குமான மனுக்களைத் தாங்களே எழுதினார்கள். விவரம் இணைப்பில் உள்ளது. எங்களுக்குப் பின் வருபவர்களுக்கு, ஆசிரியர் வந்திருந்தாலும் வராவிட்டாலும், வாரத்துக்கு ஒரு வேளை திருமதி தேவிப்பிரியா அவர்களின் பட்டறையை நடத்தித் தர வேண்டுகிறோம்.'

கடைசி வரி வரும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இணைப்பைப் புரட்டினார். பத்தொன்பது பெயர்கள், பத்தொன்பது மனு எண்கள். முதல் பெயர் பூவிழி. வத்தல்மலையில் அவள் ஊருக்கு மாலை பஸ் கேட்டது. அப்புறம் அந்த மனிதர் செய்ததை தேவிப்பிரியா எதிர்பார்க்கவே இல்லை. மனுவின் இடது ஓரத்தில் தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இதையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இதை எழுதச் சொல்லலைங்க சார். ஆனா ஆமாங்க, நான் சொல்லிக் குடுத்ததுதான்."

அவர் பேப்பர்வெயிட்டை நகர்த்தி நீட்டிப்புத் தாளை உருவினார். "மேல கேட்டாக் காட்டறதுக்கு ஒரு தாளு கெடைச்சிருச்சு. நாப்பத்து மூணு கையெழுத்தோட" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "வெள்ளிக்கிழமை அஞ்சாவது வேளை. டைம் டேபிள்ல எழுத்துல போட்டுடறேன்."

தேவிப்பிரியா எழுந்து கைகூப்பினாள். பூவிழியோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அதான் சரின்னுட்டேனேம்மா. இன்னும் என்ன?"

"ரசீதுங்க சார்."

வராந்தாவில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ஆரோக்கியராஜ் ஒரு துண்டுத் தாளை இழுத்து 'மனு பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். பூவிழி அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். நாலு வார்த்தை பேச நாற்பது முறை யோசிக்கிற பெண், ஒரு முறைகூட யோசிக்காமல் அந்தத் துண்டுத் தாளை முதல்வரிடமே திருப்பி நீட்டினாள்.

"சார், இதுல தேதி போடலைங்க."

தேவிப்பிரியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆரோக்கியராஜ் மூடி வைத்த பேனாவை மறுபடியும் திறந்தார்.