தெளிந்த நீர்

கொதிக்கவைத்த பிறகும் எங்கள் புரதக் கரைசல் வேலை செய்தது. திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த எங்கள் ஆய்வாளர் குராமொச்சி-சான், சோதனைக் குழாய் ஏதும் மாறிவிட்டதா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மாறவில்லை. மூன்று நாள், மூன்று தரம், எல்லாவற்றையும் புதிதாக எடுத்துச் செய்தோம். மூன்று தரமும் அதே கதைதான்.

வெளியாட்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. நம் செல்களின் மேல் ஏற்பிகள் என்று சில நிற்கின்றன. பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து ஒரு துணுக்கு வந்து தொட்டால் போதும், ஏற்பி உள்ளே ஒருவரிடம் சொல்லும், அவர் அடுத்தவரிடம் சொல்வார், சேதி செல்லின் நடுவரை போய் ஊரையே எழுப்பிவிடும். வந்தது உயிரோடிருக்கும் பாக்டீரியாவா, செத்ததா என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. அடிபட்ட இதயத் தசையிலிருந்து கசியும் ஒரு புரதமும் இதே ஏற்பியை எழுப்புகிறது, கிருமியே இல்லாமல் இதயம் வீங்குவது அதனால்தான் என்பது குராமொச்சி-சானின் கண்டுபிடிப்பு. நான்கு வருட உழைப்பு. ஆனால் அந்தப் புரதத்தை நாங்கள் பாக்டீரியாவுக்குள் வளர்த்துத்தான் எடுக்கிறோம். எவ்வளவு கழுவினாலும் உறைத் துணுக்கு கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதனால்தான் கொதிக்கவைத்துப் பார்ப்பது. புரதம் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரிந்து கெட்டுப்போகும். துணுக்குக்குக் கொதிநீர் ஒரு பொருட்டே இல்லை. கொதித்த பிறகும் செல்கள் விழித்துக்கொண்டால், எழுப்பியது புரதம் இல்லை, அழுக்கு.

இதே சோதனையை முதல் வருடமே செய்திருந்தோம். அப்போது சுத்தமாக வந்தது, செல்கள் எழவில்லை. இப்போது இதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த நடுவர் ஒருவர் மறுபடி செய்து காட்டுங்கள் என்றதால்தான் இந்த வினை. குராமொச்சி-சானின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. கட்டுரை வெளியானால் வடக்கே செண்டாய் நகரில் ஒரு வேலை ஏறக்குறைய உறுதி. இல்லையென்றால் வேலை கிடைக்கிற ஊருக்குப் போகவேண்டியதுதான். மனைவியும் ஆறு வயது மகள் மிஹோவும் செண்டாயில்தான் இருக்கிறார்கள். இங்கே ஒஸாகாவிலிருந்து மாதம் ஒரு முறை போய் வருகிற அப்பா, ஏப்ரலில் அவள் பள்ளியில் சேரும்போது வீட்டிலேயே இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று எல்லோரும் போன பிறகு பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வருடச் சோதனையைச் செய்தது நான். இந்த ஆய்வகத்தில் நிஷிவாக்கி-சான் சோப்பையே கழுவி வைக்கிறவர் என்று என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'திரிந்ததை நீக்கி, தெளிந்த நீரை எடுத்தேன்.' கலங்கலாக எதையும் செல்களின் மேல் ஊற்ற எனக்கு மனம் வந்திருக்காது. அழுக்கு அந்தத் திரிந்த கட்டியோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்கிறது. மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்துவிட்டு, செல்கள் எழவில்லை, புரதம் உண்மைதான் என்று எழுதியிருக்கிறேன். நோட்டை மூடி வைத்தேன். இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

மூன்றாம் நாள், சோதனைகளில் இறந்த எலிகளுக்கான அஞ்சலி. வருடா வருடம் அக்டோபரில், விலங்குக் கூடத்தின் பின்னால் இருக்கும் நினைவுக் கல்லின் முன் எல்லோரும் கறுப்பு உடையில் வரிசையாக நின்று ஆளுக்கொரு வெள்ளைச் சாமந்தி வைப்போம். அந்த வருடம் இறந்த எலிகளின் எண்ணிக்கையை ஒருவர் வாசிப்பார். எங்கள் ஆய்வகத்தின் பங்கு நானூற்றுப் பன்னிரண்டு. உயிர் போனதாவது ஏதோ ஒன்றுக்காக என்று நினைத்துத்தான் மற்ற வருடங்களில் அங்கே நிற்க முடிந்தது.

குராமொச்சி-சான் எனக்கு முன்னால் நின்றார். எங்கள் பேராசிரியர் அந்தக் கொதிநீர்ச் சோதனையின் வரைபடத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்பலாமே என்றாராம். இவர் தலைகுனிந்து வணங்கிவிட்டு, காலையிலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பிவிட்டார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது?

"முதல் வருஷம் கொதிக்க வச்சது நான்தான்," என்றேன். "திரிஞ்சத ஒதுக்கிட்டு மேல நின்ன தண்ணிய மட்டும் குடுத்தேன். அழுக்கையும் சேத்து நானே தூக்கிப் போட்டிருக்கேன்."

அவர் திரும்பவில்லை. "தெரியும். நோட்டுல எழுதியிருக்கீங்களே."

"எப்பப் பாத்தீங்க?"

"முதல் வருஷமே. சரிபாத்துட்டேன்னு கீழ முத்திரை குத்துனது நான்தானே. நிஷிவாக்கி-சான் எவ்ளோ சுத்தமா பண்ணியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டே குத்துனேன்." வரிசை ஓரடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். "உங்க மேல கோவப்படணும்னு ரெண்டு நாளா முயற்சி பண்றேன். வர மாட்டேங்குது."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் கையிலிருந்த பூவின் காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அவருடைய சட்டைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். அவர் எடுத்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "மிஹோ," என்றார். "ஆமாம்மா, அம்மா சொன்னது நிஜம்தான். ஏப்ரல்ல அப்பாவால வர முடியாது." அதன் பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்தன.

"அழுறாளா?" என்றேன்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். கைபேசியை மார்போடு பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எனக்குன்னு வீட்டுக்குள்ள போடுற செருப்பு வாங்கி வாசல்ல வச்சிருக்காளாம். அத திரும்ப அலமாரில எடுத்து வச்சுடவான்னு கேக்குறா."

என்ன சொல்வதென்று என்னைக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். அவர் கைபேசியை மறுபடி காதில் வைத்து, நின்ற இடத்திலேயே நின்றார். முன்னால் இருந்தவர்கள் பூ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கல்லுக்கும் அவருக்கும் நடுவே ஏழெட்டு அடி வெறும் தரை கிடந்தது. எங்கள் பின்னால் நின்ற முப்பது பேரும் ஆளுக்கொரு பூவோடு காத்திருந்தார்கள். நகருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.