அரசாங்கம் எடுத்துக்கொண்ட மலை

எங்கள் குப்பைமேட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்ட அன்று எண்ணூரே அதிர்ந்தது. அதை நடத்திவந்த கம்பெனிக்காரன் கேட்டைப் பூட்டிவிட்டு ஓடிப்போயிருந்தான். அந்த மேடு இமயமலைக்குத் தம்பி. உச்சியில் ஏறி நின்றால் அந்தமானில் துணி காயப்போடுவது தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உயர விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது. பத்தாயிரம் வாலா கொளுத்தினோம். ஜெயித்துவிட்டோமாம்!

என்னத்தை ஜெயித்தோம் என்பதை அரசாங்க இன்ஜினியர் வினிதா வந்து சொன்னார்.

முகத்துவாரக்குப்பத்து மீன்காரி ஞானசெல்விக்கு இந்த வருடம் சாலையோர மார்க்கெட்டுக்குக் கூரை வந்தாக வேண்டும். வெயிலில் ஐஸ் உருகி, மத்தியானத்துக்குள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதே அவள் பிழைப்பு. கூரை வருகிறது என்ற சேதி கேட்டதுமே மீன்காரப் பெண்கள் வெறுந்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். இல்லாத தூணின் நிழல் யாருக்கு என்று நடந்த சண்டையில் போலீஸ் ஜீப்பே பயந்து திரும்பிப் போனது.

“கூரைப் பணம் குப்பைமேட்டுக்குப் போயிடுச்சும்மா,” என்றார் வினிதா. “கசியிற கறுப்புத் தண்ணிய பம்ப்பு வெச்சு உறிஞ்சணும், மண்ணு போட்டு மூடணும். கம்பெனி ஓடிட்டா வேற யார் செய்யறது? ஜனங்க பணம்தான்.”

“துன்னுட்டு எலய போட்டுட்டு ஓடுனவன் அவன். எடுக்கறது நாங்களா?” என்றாள் ஞானசெல்வி.

“அப்ப பம்ப்ப நிறுத்தச் சொல்லு, கூரை வந்துடும்,” என்று நான் கொளுத்திப் போட்டேன்.

“வாய மூடு அண்ணாத்தே! அந்தத் தண்ணி ஆத்துல எறங்குனா எறாலு செத்துப்பூடும். அப்பால கூரைக்குக் கீய இன்னாத்த விக்கறது, உன் மொகரையவா?”

பணம் எங்கே போகிறதென்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். எல்லோரும் மேட்டுக்குப் போனோம். கேட்டருகே, முன்பு லாரிகளை எடைபோட்ட இடத்தில், நாலு விமானம் நிறுத்தலாம்போல ஒரு தகரக் கொட்டகை சும்மா நின்றது.

“மேடம், இந்தக் கொட்டாயி யார்து?”

“கம்பெனியோடது. இல்ல... இப்ப நம்மளோடது.”

“குப்பய எடுத்துக்கினீங்கோ, நாத்தத்த எடுத்துக்கினீங்கோ. இத்த மட்டும் இன்னாத்துக்கு வெய்யில்ல காய வெச்சிகினுகீறீங்கோ? பேத்து எங்களாண்ட குடுங்கோ!”

வினிதா தூணைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். “மேலிடத்துல கேக்கணும்.”

“கேளு மேடம். நாங்களும் வரோம், கூடையோட.”

மறுநாள் மேலதிகாரியின் அலுவலகத்தில் மீன்காரப் பெண்கள் எல்லோரும் கூடைகளோடு உட்கார்ந்தார்கள். எட்டாவது மாடிவரை நெத்திலி மணந்ததாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுமதி வந்துவிட்டது.

கொட்டகையைப் பெயர்த்து வந்து மார்க்கெட்டுக்குக் கூரை ஏற்றினார்கள். இரண்டு தகரத்தில் ஓட்டை இருந்தாலும் நிழல் நிழல்தான். நான் போய் ஞானசெல்வியிடம் சங்கரா மீன் விலை கேட்டேன், சொன்னாள்.

“இன்னா ஞானம், நேத்து இவ்ளோ இல்லியே?”

“நேத்து ஐஸு கரையுதேன்னு கூவுன வெல அண்ணாத்தே. இன்னிக்கு எனுக்கு அவசரமே இல்ல. குந்து, சாவகாசமா பேரம் பேசு.”